மின் பட்டியலும் ஏழை வீடும்

(கல்முனையிலே மின்பாவனையாளர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

வீட்டுக்கு வரும் மின்சாரப் பட்டியலைப் பற்றிப் பேசுவதற்கு ஓர் அரசியல் மேடை எதற்கு என்று சிலர் கேட்கின்றார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் அப்பட்டியலைப் பார்த்து நெஞ்சு திடுக்கிடாதவர்கள். 1953 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12 ஆம் நாள் இத்தீவு முழுவதும் ஒரு ஹர்த்தால் நடந்தது. பங்கீட்டு அரிசி கொத்து ஒன்று 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டமையே அதற்குக் காரணம். அந்த ஆண்டு முடிவதற்குள் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறக்க நேர்ந்தது. அரிசி விலை ஏறக்குறைய மூன்று மடங்கானதற்கு அத்தனை பெரிய கொந்தளிப்பு! மாதம் 30 அலகு மட்டும் எரிக்கும் ஒரு குடிசைக்கு 2022 ஆம் ஆண்டு ஜூலையில் வந்த பட்டியல் 105 ரூபா. 2023 ஆம் ஆண்டு மார்ச்சில் அதே குடிசைக்கு, அதே 30 அலகுக்கு வந்த பட்டியல் 1300 ரூபா. இது பன்னிரண்டு மடங்குக்கும் அதிகம். அரிசியைப் பேசுவது அரசியலாயின் இதனைப் பேசுவது எங்ஙனம் அரசியலாகாது போகும்?

அதனாலேதான் இங்கு வந்தோம். ஆயினும் அரசாங்கத்தை ஏசிவிட்டுக் கைதட்டு வாங்கிக்கொண்டு போவதற்காக நாம் வரவில்லை. பட்டியல் எதிர்பாராது ஏறி வரும்போது அதிலே மூன்று வகை உண்டு. ஒன்று, விலை ஏறியமையால் ஏறியது. மற்றொன்று, நம் வீட்டிலே நாமறியாது மின்சாரம் கசிந்தமையாலோ, வீண்போனமையாலோ ஏறியது. மூன்றாவது, கணக்கிலே பிழை நேர்ந்தமையால் ஏறியது. இம்மூன்றையும் பிரித்தறியாதவன் கசிவுக்குக் கந்தோரை ஏசுவான். கந்தோர்ப் பிழைக்கு மனைவியை ஏசுவான். அரசாங்கம் ஏற்றிய விலைக்குத் தன் தலைவிதியை ஏசுவான். நம்மூர்களிலே இம்மூன்றும் நடக்கின்றன.

முதலிலே பட்டியலை வாசிப்பதைப் பற்றிச் சொல்வோம். பட்டியல் காகிதமாக வந்தாலும், கைத்தொலைபேசியிலே குறுஞ்செய்தியாக வந்தாலும் நம்மவர் கண் நேரே கீழே உள்ள தொகைக்குத்தான் பாய்கின்றது. தொகையைப் பார்க்குமுன் நான்கு விடயங்களைப் பாருங்கள். முந்திய மானி வாசிப்பு எத்தனை, இம்மாத வாசிப்பு எத்தனை, இரண்டுக்கும் இடையே எத்தனை நாட்கள், எந்த வகுதியில் உங்களை வைத்திருக்கின்றார்கள் என்பவையே அவை. வீட்டுப் பாவனைக்கு டி-1 என்ற வகுதி. கடைக்கு வேறு, கைத்தொழிலுக்கு வேறு, பள்ளிவாசல் கோயில் போன்ற வணக்கத் தலங்களுக்கு வேறு. மருதமுனையிலே வீட்டின் ஒரு பக்கம் தறியும் மறுபக்கம் குடும்பமுமாக வாழ்வோர் உண்டு. சாய்ந்தமருதிலே முன்னறையைக் கடையாக்கியோர் உண்டு. கடையை மூடி ஆண்டு இரண்டாகியும் கடை வகுதியிலேயே பணம் கட்டிக்கொண்டிருப்போரும் உண்டு என்பதை நாம் அறிவோம்.

இனி மானிக்கு முன்னே சென்று நில்லுங்கள். பட்டியலில் உள்ள வாசிப்பும் மானியிலே தெரியும் எண்ணும் ஒத்துப் போகின்றனவா? பட்டியலில் உள்ள எண்ணைவிட மானியிலுள்ள எண் சிறிதாயிருந்தால் பிழை பட்டியலில் உள்ளது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அந்த நேரமே கைத்தொலைபேசியால் மானியைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வாயிற் கதவு பூட்டியிருந்தமையால் மானியைப் பாராது சராசரிக் கணக்குப் போடப்படுவதும் உண்டு. இரண்டு மூன்று மாதம் குறைத்துக் கணக்கிடப்பட்டால், பின்னர் உண்மையான வாசிப்பு எடுக்கப்படும் மாதத்திலே மிச்சம் முழுவதும் ஒரே இடியாக விழும். அந்த இடி எந்தெந்த மாதத்துக்குரியது என்று பிரித்துக் கணக்கிடும்படி கேட்பதற்கு உங்களுக்கு நியாயம் உண்டு. ஏன் பிரிக்க வேண்டும் என்பதை இப்பொழுது சொல்லப் போவதிலிருந்து அறிவீர்கள்.

நமது நாட்டின் வீட்டு மின் கட்டணம் படிமுறையானது. அது சாதாரணப் படிக்கட்டும் அன்று. ஏறும்போது, கீழே விட்டுவந்த படிகளும் சேர்ந்து உயரும் விசித்திரமான படிக்கட்டு அது. 2023 ஆம் ஆண்டு பெப்ரவரி நடுப்பகுதியில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் 60 அலகுக்குள் நின்ற வீட்டுக்கு முதல் 30 அலகு 30 ரூபா வீதம், அடுத்த 30 அலகு 37 ரூபா வீதம், நிலையான கட்டணம் 550 ரூபா. கூட்டினால் 2560 ரூபா. அந்த வீட்டிலே ஒரு பிள்ளை பரீட்சைக்காக இரண்டு இரவு கூடுதலாக விழித்திருந்து படித்தது என்று வைத்துக்கொள்வோம். 61 அலகாயிற்று. உடனே முதல் அலகிலிருந்தே விலை 42 ரூபாவாகி, நிலையான கட்டணமும் 650 ஆகின்றது. பட்டியல் 3212 ரூபா. ஓர் அலகுக்கு 652 ரூபா! 90 அலகிலே நின்றவன் 4430 ரூபா கட்டினான். 91 ஆவது அலகைத் தொட்டவன் 5330 ரூபா கட்டினான். அந்த ஓர் அலகின் விலை 900 ரூபா.

வீதங்கள் பின்னர் பலமுறை மாறின. நாம் சொன்ன தொகைகள் அக்காலத்துக்குரியவை. இப்பொழுது நடைமுறையிலுள்ள வீதம் யாதென்பதை உங்கள் கையிலுள்ள பட்டியலைக் கொண்டே அறிந்துகொள்ளுங்கள். ஆனால் 30, 60, 90, 180 என்ற இந்தப் படிகளை மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். வாசிப்புக்கு வருபவர் ஐந்து நாள் பிந்தி வந்தமையால் படி தாண்டிவிட்டது என்று சிலர் அஞ்சுகின்றனர். படியின் அளவும் நாட்களுக்கேற்ப நீளும். 30 நாளுக்கு 60 என்றால் 35 நாளுக்கு 70. ஆகவே நாட்கள் சரியாகக் குறிக்கப்பட்டுள்ளனவா என்பதைப் பாருங்கள். நாட்கள் சரியாயின் அந்த அச்சம் வேண்டாம்.

இந்தப் படிக்கட்டு நமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பாகிஸ்தானிலே 200 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்குப் பாதுகாக்கப்பட்ட பாவனையாளர் என்ற சலுகை உண்டு. அதனைத் தாண்டியவன் சலுகையை இழந்து, மீண்டும் பெறுவதற்கு ஆறு மாதம் தொடர்ந்து அடங்கி நிற்க வேண்டும். 2023 ஆம் ஆண்டு ஆகஸ்டிலே அங்கே மக்கள் தெருவில் இறங்கிப் பட்டியல்களைத் தீயிலிட்டனர். தமிழ்நாட்டிலே 2016 ஆம் ஆண்டு முதல் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு முதல் 100 அலகு இலவசம். அங்கேயும் படியைத் தாண்டுவோரின் முணுமுணுப்புக்குக் குறைவில்லை. எரிப்பது கூடினால் விலையும் கூட வேண்டும் என்ற கொள்கையை நாம் எதிர்க்கவில்லை. பத்து அறைக்கும் குளிரூட்டி வைத்தவன் கூடக் கட்டத்தான் வேண்டும். ஆயின் படிகளை வகுத்தவர்கள் நமது ஊர் வீட்டை மனத்திற்கொண்டு வகுத்தார்களா என்பதே நமது கேள்வி.

நமது ஊர் வீடு எத்தகையது? பெண்ணுக்கு வீடு கொடுத்து மணமுடித்து வைப்பது கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நமது வழக்கம். மருமகன் பெண் வீட்டுக்கு வருகிறான். வாப்பாவும் உம்மாவும் மணமாகாத பிள்ளைகளும் பின்புறத்திலே ஒரு அறையையோ, தாழ்வாரத்தையோ கட்டிக்கொண்டு ஒதுங்குகின்றனர். இரண்டாவது மகளுக்கு வீடு கட்ட வசதியில்லாவிடில் அதே வளவுக்குள் ஒரு சுவர் எழும்புகின்றது. காணியோ ஆறு பேர்ச், எட்டு பேர்ச். கடலுக்கும் வயலுக்கும் இடையே நெருங்கி வாழும் சனம். 2004 டிசம்பர் 26 இலே கடல் வந்து அழித்த பின்னர் நிலம் இன்னும் அருகிப்போயிற்று. வளவு ஒன்று, குடும்பம் இரண்டு அல்லது மூன்று, மானி மட்டும் ஒன்று!

இப்பொழுது கணக்கைப் பாருங்கள். தனித்தனி மானியோடு 60 அலகு வீதம் எரித்த இரண்டு குடும்பங்கள் 2023 பெப்ரவரிக் கட்டணப்படி ஆளுக்கு 2560 ரூபாவாக மொத்தம் 5120 ரூபா கட்டின. அதே இரண்டு குடும்பங்களும் ஒரே மானியிலே 120 அலகு எரித்தால் 6780 ரூபா. எரிந்தது அதே மின்சாரம். கூடுதலாகக் கட்டியது மாதம் 1660 ரூபா. யாரிடமிருந்து? இன்னொரு மானிக்குப் பணம் கட்ட வழியில்லாமையால் ஒரே கூரையின் கீழ் ஒடுங்கி வாழ்பவனிடமிருந்து. கொழும்பிலே தனி வீட்டில் கணவனும் மனைவியுமாக இருவர் வாழ்ந்து 60 அலகு எரித்தால் அவர்கள் ஏழைகள் என்று சலுகை பெறுவர். இங்கே ஒன்பது பேர் வாழ்ந்து 120 அலகு எரித்தால் அவர்கள் செல்வர் என்று எண்ணப்படுவர்! தலைக்கு எத்தனை அலகு என்று இந்தக் கட்டண முறை ஒருநாளும் கேட்டதில்லை. இதனை நாம் கேட்காவிடில் வேறு எவரும் கேட்கப்போவதுமில்லை. ஏனெனில் இந்தத் தொல்லை இக்கரையிலே வாழ்வோர்க்கு மிகுதியும் உரியது.

ஆகவே தனி வாசல், தனி அடுப்பு, தனி வயரிங் உள்ள குடும்பங்கள் தனி இணைப்புக்கு விண்ணப்பிப்பது பற்றி யோசிக்க வேண்டும். இணைப்புச் செலவு எத்தனை, மாதம் மிச்சமாவது எத்தனை, எத்தனை மாதத்தில் செலவு மீளும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தே இறங்குங்கள். எல்லார்க்கும் இது பொருந்தாது. வளவிலே இருப்போர் எல்லோருமாக 50 அலகுக்குள் நிற்பவர்கள் இரண்டாவது நிலையான கட்டணத்தை வீணே சுமக்க வேண்டியதில்லை.

இனி வீட்டுக்குள்ளே வருவோம். இந்தப் பகுதியைத் தாய்மார்கள் ஊன்றிக் கேட்க வேண்டும் என்று சொல்ல நினைத்தோம். உண்மையிலே கேட்க வேண்டியவர்கள் ஆண்கள்தாம். மோட்டாரைப் போட்டுவிட்டுத் தெருவுக்குப் போய்ப் பேச்சிலே மறந்து நிற்பவர்கள் அவர்களே.

1000 வாட் எரியும் பொருள் ஒரு மணி நேரம் எரிந்தால் ஓர் அலகு. இதுவே முழுக் கணக்கும். பழைய மாதிரியான 75 வாட் மின்விசிறி மூன்று, இரவிலே பத்து மணி நேரம் சுழன்றால் நாளொன்றுக்கு 2 அலகுக்கு மேல். மாதத்துக்கு 67 அலகு. கச்சான் காற்று அனலை வாரி வீசும் மாதங்களில், வெயில் முழுவதையும் குடித்த கொங்கிறீட் தட்டின் கீழே படுப்பவன் விசிறியை நிறுத்து என்றால் கேட்பானா? கேட்கவும் வேண்டாம். விசிறிகள் மட்டுமே ஒரு வீட்டை 60 அலகுப் படிக்கு அப்பால் தள்ளிவிடும் என்பதை அறிந்து வைத்தால் போதும். ஏறக்குறைய 35 வாட்டிலே அதே காற்றைத் தரும் புதுவகை விசிறிகள் கடைகளில் உண்டு. மூன்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. இரவு முழுவதும் சுழலும் ஒன்றை முதலில் மாற்றுங்கள்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவிலே உள்ள றப்பர் தளர்ந்திருந்தால் அப்பெட்டி இராப்பகலாக உழைத்துக்கொண்டேயிருக்கும். ஒரு கடதாசியைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் றப்பர் போய்விட்டது. ஐஸ் பக்கற் விற்கும் வீடுகளிலே இந்தச் சோதனை மிக அவசியம். விற்ற ஐசின் இலாபம் பட்டியலிலே கரைந்து போவதை அறியாது தொழில் செய்கின்ற சகோதரிகள் உண்டு. ஸ்திரிப் பெட்டியை நாளுக்கொரு சட்டைக்குச் சூடேற்றாது, வாரத்துக்கொருமுறை எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சூடேற்றுங்கள். நோன்பு மாதத்திலே ஸஹருக்கும் இப்தாருக்கும் அடுக்களை இருமுறை விழிக்கின்றது. அம்மாதப் பட்டியல் ஏறுவது இயல்பு, அதனை முற்கூட்டியே எதிர்பாருங்கள்.

ஆனால் பட்டியல் திடீரென இரட்டித்து, மும்மடங்காகி வந்தால் விசிறியையும் ஸ்திரிப் பெட்டியையும் ஏசிப் பயனில்லை. கசிவைத் தேடுங்கள். வீட்டிலுள்ள எல்லாச் சாமான்களின் செருகிகளையும் கழற்றி, எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, பிரதான சுவிட்சை மட்டும் போட்டபடி விட்டு மானியைப் பாருங்கள். பழைய மானியானால் தட்டு சுழலக் கூடாது. புதிய மானியானால் சிவப்பு விளக்கு மின்னி மின்னி எரியக் கூடாது. சுழன்றாலும் மின்னினாலும் எங்கோ மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கின்றது. பிறகு பிரதான சுவிட்சையும் அணையுங்கள். அப்பொழுதும் மானி ஓடினால் ஐயம் மானியின் மேலேயே விழும். நின்றுவிட்டால் குறை வீட்டு வயரிங்கிலே உள்ளது.

நிந்தவூர்ப் பக்கத்திலே ஒரு வீட்டில் மாதம் 80 அலகு எரிவது வழக்கம். ஒரு மாதம் 212 அலகு வந்தது. வீட்டிலே சண்டை. மகன் இரவெல்லாம் கைத்தொலைபேசி பார்க்கின்றான் என்று வாப்பா ஏச, கைத்தொலைபேசி எத்தனை மின்சாரம் குடிக்கும் என்று மகன் சீற, உம்மா அழ. கைத்தொலைபேசி மாதம் முழுவதும் குடித்தாலும் ஓர் அலகு எட்டுவது அரிது! வயரிங் தெரிந்த ஓர் இளைஞர் வந்து பார்த்தபோது கிணற்று மோட்டாரின் கேபிள் உப்புக் காற்றிலும் ஈரத்திலும் தோலுரிந்து கிடந்தது. மோட்டாரின் சுவிட்சை எவரோ நியூட்ரல் கம்பியிலே பொருத்தியிருந்தார். ஆகவே சுவிட்சை அணைத்த பின்னரும் கம்பியில் மின்சாரம் நின்றது. இராப்பகலாக நிலத்துக்குள் ஓடிற்று. கசிவு நேர்ந்தால் விழுந்து காப்பாற்றும் ட்ரிப் சுவிட்ச் அந்த வீட்டிலே இல்லையா என்றால், இருந்தது. "அடிக்கடி விழுந்து கரைச்சல் தருகுது" என்று அதனைத் தாண்டிக் கம்பி கொடுத்திருந்தார்கள். சகோதரர்களே, அது விழுந்தது கரைச்சல் தருவதற்காக அன்று. கிணற்றடியிலே குளிக்கப் போகும் பிள்ளை உயிரோடு திரும்பி வருவதற்காக! அந்த மாதப் பட்டியல் ஏறி வந்தமையால்தான் அக்கேபிள் கண்ணிற் பட்டது. அவ்வீட்டார் கூடுதலாகக் கட்டிய பணத்தை நாம் நட்டம் என்று சொல்லமாட்டோம்.

இவ்வளவும் வீட்டுக்காரன் செய்ய வேண்டியவை. இனி ஆட்சியாளர் செய்தவை.

மின்சாரம் இந்த மாவட்டத்துக்கு அந்நியப் பொருளன்று. மலைநாட்டு நீர்வீழ்ச்சியிலே மின்சாரம் எடுக்கலாம் என்று டீ. ஜே. விமலசுரேந்திர 1918 ஆம் ஆண்டிலேயே எழுதிக் காட்டினார். லக்சபானா மின்நிலையம் 1950 ஆம் ஆண்டிலேதான் எழுந்தது. அதே காலத்தில் நமது கல்லோயாவை மறித்து இங்கினியாகலையிலே அணை கட்டினார்கள். சேனாநாயக்க சமுத்திரத்து நீர் நமது வயலுக்கு வருமுன் அங்கே ஒரு சிறு மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டே வருகின்றது. ஏறக்குறைய 11 மெகாவாட். நாட்டின் தேவைக்கு அது சிறு துளி. எனினும் நீரால் எடுக்கும் மின்சாரம் மலிவு, எண்ணெயால் எடுக்கும் மின்சாரம் கொள்ளை விலை என்பதை விளக்க அத்துளியே போதும். மழை பெய்தால் செலவு இறங்கும். வான் பொய்த்து, டொலரும் இல்லாமற் போனால் நாடு இருளும். 2022 ஆம் ஆண்டு மார்ச் முடிவிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள்.

அதன் பின்னர் வந்தது கட்டண உயர்வு. 2022 ஆகஸ்டிலே சராசரி 75 வீதம். 2023 பெப்ரவரியிலே மேலும் 66 வீதம். 75 உம் 66 உம் 141 என்று கூட்டாதீர்கள். 100 ரூபா 175 ரூபாவாகி, அந்த 175 ரூபா 290 ரூபாவாயிற்று. சராசரி என்ற சொல்லும் ஒரு திரையே. 180 அலகு எரித்த வீட்டின் பட்டியல் இவ்விரு உயர்வாலும் 4003 ரூபாவிலிருந்து 9780 ரூபாவாயிற்று. அஃதாவது இரண்டரை மடங்கு. 90 அலகு எரித்தவனுக்கு 861 ரூபாவிலிருந்து 4430 ரூபா, ஐந்து மடங்கு. 30 அலகு எரித்தவனுக்குப் பன்னிரண்டு மடங்கு. மேலே இருப்பவனுக்கு இரண்டரை, கீழே இருப்பவனுக்குப் பன்னிரண்டு! செலவுக்கேற்ற விலை என்று சர்வதேச நாணய நிதியம் கேட்டது, அரசாங்கம் கொடுத்தது. 2023 மார்ச்சிலே நிதியத்தின் கடன் அங்கீகாரமும் வந்தது. செலவை ஈடுசெய்ய வேண்டும் என்பதை எவரும் மறுக்கவில்லை. எவன் தோளிலே எத்தனை சுமை என்பதை முடிவு செய்தவர்கள் யார்?

பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இதற்கென்றே 2002 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. பெப்ரவரி உயர்வை எதிர்த்து நின்ற அதன் தலைவர் ஜானக ரத்நாயக்க 2023 மே 24 ஆம் நாள் பாராளுமன்ற வாக்கெடுப்பாலே பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவருடைய நடைமுறைகள் எல்லாம் சரியோ பிழையோ என்ற வழக்குக்குள் நாம் போகவில்லை. விலையை எதிர்த்தவர் போனார்; விலை நின்றது. அவ்வாண்டிலே கட்டணம் கட்டாமையால் நாடெங்கும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட தடவை இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. ஆண்டு முடிவிலே மின்சார சபையின் கணக்கில் 6000 கோடி ரூபாவுக்கு மேல் இலாபம் நின்றது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பாருங்கள்.

பிறகு என்ன நடந்தது? 2023 ஜூலையிலே 14 வீதம் குறைத்தார்கள். ஒக்டோபரிலே 18 வீதம் கூட்டினார்கள். 2024 மார்ச்சிலும் ஜூலையிலும், 2025 ஜனவரியிலும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைத்தார்கள். 2025 ஜூனிலே 15 வீதம் கூட்டினார்கள். இந்த ஏற்ற இறக்கத்திலே நமக்குப் பயனுள்ள செய்தி ஒன்று உண்டு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னர் ஆணைக்குழு மக்களிடம் கருத்துக் கேட்கின்றது. எழுத்திலும் கேட்கின்றது, மாகாணங்களுக்குச் சென்று வாய்மொழியாகவும் கேட்டிருக்கின்றது. ஒரு வளவு, பல குடும்பம், ஒரு மானி என்ற நமது வழக்கை அங்கே தமிழிலே எடுத்துரைக்க வேண்டும். தமிழ் அரசகரும மொழியென அரசியலமைப்பிலே எழுதப்பட்டு, 1987 ஆம் ஆண்டிலிருந்து எத்தனை காலமாயிற்று! ஆங்கிலம் தெரியாது என்று தயங்குவதற்கு இடமேயில்லை. கைத்தறி நெசவாளனும், மீன்பிடி ஐசுக்குப் பணம் கட்டுபவனும், சம்மாந்துறை அரிசி ஆலைக்காரனும், பள்ளிவாசல் நிருவாக சபையாரும் தத்தம் பட்டியலோடு போய் நின்றால் அந்த மேசையிலே இருப்பவர்கள் கேட்டே தீர வேண்டும். 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டம் மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வழி செய்திருக்கின்றது. சபை என்றாலும் கம்பனி என்றாலும் விலையைக் கேள்வி கேட்கும் இடம் அந்த ஆணைக்குழுவே.

இடையிலே ஒன்று. 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் நாடு முழுவதும் இருண்டபோது பாணந்துறை உபநிலையத்திலே ஒரு குரங்கு புகுந்தமையே காரணம் என்று அமைச்சர் சொன்னார். ஒரு குரங்கு தொட்டால் நாடே அணையும் வகையிலே இருக்கும் கட்டமைப்பைப் பேணுவதற்கும் நமது பட்டியலிலிருந்துதான் பணம் போகின்றது. குரங்குக்குக் கட்டணம் இல்லை என்பது மட்டும் ஆறுதல்.

சரி, தனி வீட்டின் பட்டியலிலே பிழை என்று ஐயம் எழுந்தால் செய்ய வேண்டியது யாது? வாயாலே முறையிட்டு வீட்டுக்குத் திரும்பாதீர்கள். வாய்ச்சொல்லுக்குக் கோப்பு இல்லை. கணக்கு இலக்கம், பட்டியல் திகதி, இரண்டு வாசிப்புகள், நீங்கள் மானியிலே கண்ட எண், கண்ட திகதி ஆகியவற்றை எழுதி, மானியின் படத்தோடு பிரதேச மின் பொறியியலாளர் காரியாலயத்திலே கொடுத்து, பிரதியிலே திகதி முத்திரை வாங்குங்கள். மானியிலே ஐயமிருந்தால் மானியைப் பரிசோதிக்கும்படி எழுத்திலே கேளுங்கள். அதற்குக் கட்டணம் உண்டா, மானி பிழையென்று கண்டால் அக்கட்டணம் திரும்பி வருமா என்பதையும் அதே கடிதத்திலே கேளுங்கள். மேசைக்குப் பின்னால் இருக்கும் உத்தியோகத்தரிடம் சத்தமிடாதீர்கள். விலையை வகுத்தவர் அவரல்லர். அவரும் இதே ஊரிலே இதே பட்டியலைக் கட்டுபவரே. பதில் வராவிடில், அல்லது வந்த பதில் நியாயமன்றாயின், முத்திரையிட்ட பிரதியோடு ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். பாவனையாளர்க்கும் மின்சார வழங்குநர்க்கும் இடையிலான பிணக்கைத் தீர்ப்பதும் அதன் கடமை.

முறைப்பாடு கொடுத்துவிட்டோம், ஆகவே ஒன்றுமே கட்டவேண்டியதில்லை என்று எண்ணிவிடாதீர்கள். வழக்கமாக வரும் தொகையளவுக்காவது கட்டிக்கொண்டு, மீதியைப் பற்றியே பிணக்கு என்று கடிதத்திலே குறிப்பிடுங்கள். சிவப்பு அறிவித்தல் வந்த பின் ஓடுவதைவிட, வருமுன் போய்த் தவணை கேட்பது எளிது. இணைப்பைத் துண்டித்த பின்னர் மீளப்பெறுவதற்கு வேறு கட்டணம். அந்த இருளிலே அண்டை வீட்டிலிருந்து கம்பி இழுப்பவர்களும் உண்டு. அது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். அண்டை வீட்டானையும் படி தாண்ட வைத்து, நாம் முன்னர் கணக்கிட்ட அந்த ஒரு மானிக் குழியிலே இரண்டு வீட்டையும் தள்ளுவது மறுபக்கம்.

பள்ளிவாசல்கள் பற்றி ஒரு சொல். வணக்கத் தலங்களுக்குத் தனி வகுதி இருக்கின்றது. உங்கள் பள்ளிவாசலின் இணைப்பு அந்த வகுதியிலே இருக்கின்றதா என்பதை நிருவாக சபையார் நாளைக்கே பார்க்க வேண்டும். பள்ளிவாசல் வளவிலுள்ள கடையறைகளும் குர்ஆன் மதரஸாவும் ஒரே மானியிலே ஓடினால் அதனையும் பிரிக்க வேண்டும். ஜமாஅத்தார் கொடுக்கும் சந்தாப் பணம் கடையறைக் குளிர்சாதனப் பெட்டிக்குப் போவது முறையன்று.

கையிலே பட்டியல் வைத்திருப்போர் வரும் வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின்னர் வாசிகசாலைக்கு வாருங்கள். கடந்த பன்னிரண்டு மாதப் பட்டியல் இருந்தால் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். இல்லாவிடில் இருப்பதைக் கொண்டு வாருங்கள். எழுதத் தெரிந்த இளைஞர் நால்வரும் வயரிங் தெரிந்த இருவரும் அங்கே இருப்பர். ஒரு வளவிலே எத்தனை குடும்பம், எத்தனை தலை, எத்தனை மானி என்ற விபரத்தை வீடு வீடாக எழுதி எடுக்க வேண்டியிருக்கின்றது. ஆணைக்குழுவின் அடுத்த அமர்வுக்கு முன்னர் அந்த ஏடு நமது கையில் இருக்க வேண்டும். பெண்கள் மட்டும் உள்ள வீடுகளுக்குச் சகோதரிகளே சென்று எழுதுவர். கிணற்று மோட்டாரும் ட்ரிப் சுவிட்சும் பார்க்க வேண்டிய வீடுகளின் பெயரை இன்றே வாசலிலே பதிந்துவிட்டுச் செல்லுங்கள்.